அண்ணன் சாவுச் செய்திக்குச் சிரித்தவரை எப்படி மன்னிப்பது?

அன்புள்ள மேடம்,

வணக்கம். "என்கிட்ட ஃபோன்ல சொல்றதையெல்லாம் அவங்களுக்கு எழுதிப் போடும்மா" என்று என் மகள் சொன்னதால் எழுதுகிறேன். தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 62 வயது. கணவருக்கு 69. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். இவர் டைலர். நாற்பது வருஷத்துக்கு மேல் சொந்தக் கடை. ஜாக்கெட்டுக்கு இவர் கைதான் வேண்டும் என்று பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். அந்தக் கடையை வைக்க முதல் பணம் கொடுத்தது என் அண்ணன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, அப்புறம் ஆட்டோ பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம் என்றார்கள். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் போச்சு. சரி, வேணாம், போ. இந்த மூன்று வார்த்தைதான் வருகிறது.

மாசியில் மதுரையில் என் அண்ணன் தவறிவிட்டார். ஃபோன் வந்ததும் ஓடிப்போய் இவரிடம்தான் சொன்னேன். "என்னங்க, அண்ணன் போயிடுச்சுங்க" என்றேன். இவர் சிரித்தார் மேடம். லேசாக இல்லை, தோள் குலுங்கச் சிரித்தார். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. செய்வதையும் செய்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் வீம்பு வேறு. டீவியில் ஏதோ சோப்பு விளம்பரத்தில் குழந்தையைக் காட்டினால் தேம்பித் தேம்பி அழத் தெரிகிறது. இவருக்குக் கடை வைத்துக் கொடுத்த மனுஷன் செத்ததற்கு அழத் தெரியவில்லை.

அண்ணன் காரியத்துக்குக்கூட நான் போகவில்லை. இவரை யார் பார்ப்பது? பெரியவன் பெங்களூரு, சின்னவன் கோயம்புத்தூர், மகள் திருப்பூர். மூன்று பேரும் ஃபோனில் "அப்பா எப்படி இருக்காரு" என்று கேட்பதோடு சரி. வீடியோவில் பேரனைக் காட்டினால் மட்டும் இவர் முகம் கொஞ்சம் மலரும். நான் எதிரில் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். குளிப்பாட்டுவது யார், பீத்துணி அலசுவது யார்?

பிசியோதெரபி செய்ய ஒரு தம்பி வீட்டுக்கே வந்தது. ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய். முதல் மாதம் இவர் நன்றாகத்தான் செய்தார். பிறகு அந்தத் தம்பி காலைத் தூக்கினால் தூக்க விடுவார், தானாக ஒரு விரலை அசைக்க மாட்டார். "மனசு வச்சா நடந்துடலாம் ஐயா" என்று அதுவும் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. மனசு வைத்தால்தானே! இவரைவிட மோசமாகக் கிடந்த எங்கள் தெரு வாத்தியார் இன்றைக்கு வாக்கர் பிடித்து டீக்கடை வரைக்கும் போகிறார். கடைசியில் நான்தான் அந்தத் தம்பியை நிறுத்திவிட்டேன். காசும் போய், முன்னேற்றமும் இல்லாமல் எதற்கு?

சாப்பாடும் போராட்டம்தான். இடது கை நன்றாக இருக்கிறது, ஆனால் எடுத்துச் சாப்பிட்டால் பாதி கீழே சிந்தும். அதனால் நானே ஊட்டுகிறேன். ரெண்டு வாய்க்கு மேல் "வேணாம்". காபி கொடுத்தால் வேண்டுமென்றே புரையேற்றிக்கொள்வார். ஆள் பாதியாகிவிட்டார். விடியற்காலை மூணு மணிக்கே முழித்துக்கொண்டு சுவரையே பார்த்துக் கிடப்பார். எதற்கெடுத்தாலும் பிடிவாதம். படுக்கை விரிப்பை மாற்ற விடமாட்டார், தலையணையைத் தொட விடமாட்டார். போன வாரம் தூங்கும்போது மெதுவாக உருவி எடுத்துப் பார்த்தால் தலையணை ஓரத் தையலை ரெண்டு விரல் அகலத்துக்குப் பிரித்து வைத்திருக்கிறார். உள்ளே பஞ்சோடு பஞ்சாக ஏழெட்டு மாத்திரை. தூக்கத்துக்குக் கொடுக்கிற குட்டி மாத்திரையும் அதில் கிடந்தது. விழுங்கின மாதிரி காட்டிவிட்டு அங்கே திணித்திருக்கிறார். சோறு அள்ள வராத கை, தையல் பிரிக்க மட்டும் வருகிறது பாருங்கள். எல்லாவற்றையும் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டு நானே தைத்து வைத்தேன், கோணலும் மாணலுமாக. அது கிடக்கட்டும்.

இதற்கு முன்னாலும் இவர் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. வாதம் வருவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே கடைக்கு ஒழுங்காகப் போகவில்லை. தீபாவளித் துணியைக்கூட வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். கேட்டால் "கண்ணு தெரியலை" என்பார். அப்போதே சோம்பேறித்தனம் வந்துவிட்டது. தை மாதம் கட்டில் போட இடம் வேண்டுமென்று தையல் மிஷினை இவரிடம் தொழில் கற்ற பையனுக்கே விலைக்குக் கொடுத்துவிட்டேன். இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பையன் பார்க்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நன்றி கெட்டவர்.

என் மனசு ஆறவில்லை. ராத்திரி மகளிடம் ஃபோனில் அழுது தீர்ப்பேன், "உங்கப்பாவுக்கு ஒரு வழி பிறந்தா எனக்கும் விடிவுகாலம்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில்தான் படுத்திருப்பார், ஆனால் அவருக்குத்தான் எதுவும் புரிவதில்லையே. எனக்கும் தூக்கம் இல்லை, தலை சுற்றுகிறது, அதை விடுங்கள். கண்ணை மூடினால் அந்தச் சிரிப்புதான் வருகிறது. 41 வருஷம் குடும்பம் நடத்தினவர், என் கூடப் பிறந்தவன் சாவுக்குச் சிரித்தார். அவர் மேல் வந்திருக்கும் இந்த வெறுப்பு போக ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டது வெறுப்பு போக வழி. அதற்கு வருகிறேன். ஆனால் "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக என்னால் முடியாது. அந்தத் தலையணை.

ஒருவர் மாத்திரையை விழுங்காமல் ஒளித்து வைத்தால் நான் இரண்டு விதமாகத்தான் யோசிப்பேன். உயிரோடு வைத்திருக்கும் மருந்து தனக்கு வேண்டாம் என்று ஒதுக்குகிறாரா? இல்லை, மொத்தமாக ஒரு நாளைக்குத் தேவைப்படும் என்று சேர்த்து வைக்கிறாரா? விழுங்கச் சிரமமாக இருந்தும் சிலர் துப்பிவிடுவார்கள். உங்கள் கணவருக்குப் புரையேறுவதைப் பார்த்தால் அந்தச் சிரமமும் இருக்கலாம், அதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை. தொண்டைத் தசைகளையும் பக்கவாதம் பாதிக்கும். ஆனால் விழுங்க முடியாதவர் தரையில் துப்புவார், கட்டிலுக்கடியில் போடுவார். தையலைப் பிரித்துப் பஞ்சுக்குள் வைக்க மாட்டார். அதனால் இதை நான் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் நல்லது.

இதைப் படித்த கையோடு செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரையும், உங்களுடையதும் சேர்த்து, பூட்டுப் போட்ட அலமாரிக்குப் போகட்டும். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் நிமிர்த்தி உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நகருங்கள். மாத்திரையோடு புரையேறினால் வற்புறுத்தித் திணிக்காதீர்கள், மருத்துவரிடம் சொன்னால் வேறு ஏற்பாடு சொல்வார். தலையணைக்குள் போனவற்றில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் இருந்திருக்கும். அவை எத்தனை நாளாக உள்ளே போகவில்லை என்று நமக்குத் தெரியாது. இரண்டாவது தடவை வாதம் வர அதுவே ஒரு காரணமாகிவிடும். அதனால் நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். அவரிடம் தலையணை விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பிடிவாதம், சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னால் அது காதில் விழாமலே போகலாம்.

இன்னொன்றையும் செய்ய வேண்டும். கஷ்டமாகத்தான் இருக்கும். அவரிடம் நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பாரம்தான் இறங்குகிறது. டீவியை நிறுத்துங்கள். அவருடைய இடது பக்கமாக, முகத்துக்கு நேராக உட்காருங்கள். கட்டை விரலைத் தூக்கினால் ஆமாம், கையை ஆட்டினால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு போனவர்களுக்குச் சில நேரம் ஆமாமும் இல்லையும் மாறி வரும். அதனால் விடை தெரிந்த ஒன்றை முதலில் கேளுங்கள், "நீங்க டைலர்தானே?" என்பது போல. அது சரியாக வந்தால், "சாகணும்னு தோணுதாங்க?" என்று கேளுங்கள். கொஞ்சம் பொறுத்து வேறு விதமாக ஒரு தரம் கேளுங்கள். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், "எங்களை விட்டுட்டுப் போயிடுவீங்களா" என்று அழுது மடக்காதீர்கள். "சொன்னீங்களே, அது போதும், நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லுங்கள். தனியாக விடாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், ராத்திரியானாலும் அவசரப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் உதவி இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகக் கிடைக்கும். தமிழில் பேசுவார்கள். நீங்கள் உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

சரி, இப்போது அந்தத் தையலைப் பற்றி.

அதை அவர் எப்படிப் பிரித்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். படுத்த நிலையில், பழக்கமில்லாத இடது கையால், நகத்தால் ஒவ்வொரு நூலாக நெம்பியிருக்க வேண்டும். இரண்டு விரல் அகலத்தோடு நிறுத்தியிருக்கிறார், பஞ்சு வெளியே வராத அளவு. நீங்கள் எந்த நேரம் அடுக்களையில் இருப்பீர்கள், எந்த நேரம் வருவீர்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மாத்திரையைக் கன்னத்தில் அடக்கி, தண்ணீர் குடித்து, விழுங்கியதுபோல் காட்டியிருக்கிறார். எதுவும் புரியாதவர் செய்கிற காரியமா அம்மா இது?

மூளையின் இடது பக்கத்தில் அடி விழுந்தால் வலது கை கால் போகும், பலருக்குப் பேச்சும் போகும். ஆனால் பேச வராததும் புரியாததும் ஒன்றல்ல. வார்த்தை வெளியே வரும் வழி அடைபட்டு, கேட்பது பெருமளவு உள்ளே போய்க்கொண்டே இருப்பவர்கள் நிறைய. உங்கள் கணவர் அந்த வகை என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் ராத்திரி நீங்கள் மகளிடம் பேசியதையெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். "ஒரு வழி பிறந்தா எனக்கும் விடிவுகாலம்" என்பதையும். உங்களைக் குத்த இதை எழுதவில்லை. தூக்கமில்லாத, துக்கத்தில் இருக்கிற பெண்ணின் வாயில் வருகிற வார்த்தைதான் அது, உங்களை அறிந்த யாரும் அதைக் குற்றமாக எடுக்க மாட்டார்கள். ஆனால் இனி அந்த வார்த்தைகள் அந்த அறையில் வேண்டாம். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள், அழுங்கள், திட்டுங்கள். அவர் காதுபட வேண்டாம்.

தையல் மிஷின் விஷயத்திலும் நான் அவர் பக்கம்தான். இடம் வேண்டியிருந்தது, வாங்கியதும் தெரிந்த பையன், எல்லாம் சரி. ஆனால் நாற்பது வருஷம் அவர் கால் மிதித்த மிஷினை அவர் கண் முன்னாலேயே தூக்கிக்கொண்டு போகும்போது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? "ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இருப்பதே மூன்று வார்த்தை. அந்தப் பையனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதை நன்றி கெட்டதனமாக நான் பார்க்கவில்லை. இனி அவர் அந்தக் கடைக்குத் திரும்பப் போவதில்லை என்று வீடே முடிவு செய்துவிட்டது என்பது, அந்தப் பையன் வாசலில் நிற்கும்போதெல்லாம் அவருக்கு ஞாபகம் வரும்.

ஊட்டுவதையும் நிறுத்துங்கள். சிந்தட்டும். குழிவான தட்டும் பிடி தடித்த கரண்டியும் வாங்கி இடது கையில் கொடுங்கள், தட்டு நழுவாமல் இருக்கக் கீழே ஈரத்துணி போடுங்கள். பாசத்தால்தான் ஊட்டுகிறீர்கள். ஆனால் வலது கையை வாதம் எடுத்துக்கொண்டது, இடது கையை உங்கள் பாசம் எடுத்துக்கொண்டது.

நீங்களும் பிசியோதெரபி தம்பியும் திரும்பத் திரும்பச் சொன்ன "மனசு வச்சா" என்ற பேச்சுக்கு வருகிறேன். நம் வீடுகளில் வாதம் வந்தவர் காதில் அதிகம் விழுகிற வார்த்தை இதுதான். கை மூளையால் இயங்குகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். மனசு வைப்பதும் அதே மூளையின் வேலைதான் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். ஆசை, முயற்சி, நாளைக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை இதற்கெல்லாம் மூளையில் பாதைகள் இருக்கின்றன, ரத்தம் போகாவிட்டால் அவையும் கெடும். அப்படிப்பட்டவரிடம் மனசு வை என்பது கரண்ட் இல்லாத வீட்டில் சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருப்பதுதான்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள். கை கால் போன வருத்தம் அதில் ஒரு பங்கு, மூளைக்குள் ஏற்பட்ட காயம் இன்னொரு பங்கு. இரண்டையும் பிரித்து எடுக்க முடியாது, பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பசி போவது, எடை குறைவது, விடியற்காலையிலேயே விழித்துக்கொள்வது, முன்பு செய்த பயிற்சியைக் கைவிடுவது, பிடித்தவர்களைப் பார்த்தும் முகம் திருப்புவது. இவற்றையெல்லாம் வீம்பு என்ற கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நோயின் பட்டியலாகத் தெரிகிறது. பேச முடியாதவருக்கு இந்த நோய் வந்தால் யாருக்கும் தெரியாமலே போகும், ஏனென்றால் "எனக்கு மனசு சரியில்லை" என்று அவரால் சொல்ல முடியாது. கூட இருப்பவர் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் மருத்துவர் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் அத்தனையும் பார்த்திருக்கிறீர்கள். பெயர் மட்டும்தான் மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

பேரனைப் பார்த்தால் மட்டும் மலர்கிறாரே என்பீர்கள். மனச்சோர்வில் இருப்பவருக்கும் அப்படி ஒரு நிமிஷம் வரும். அது நடிப்பும் இல்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை. பேரன் அவர் அழுக்கைப் பார்த்ததில்லை. உங்களைப் பார்க்கும்போதுதான் அவருக்கு எல்லாம் நினைவுக்கு வருகிறது.

வாதம் வருவதற்கு முந்தைய அந்த ஒரு வருஷத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தீபாவளித் துணியைத் திருப்பி அனுப்பிய டைலருக்குச் சோம்பேறித்தனம் வந்தது என்று நான் நம்ப மாட்டேன். மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதற்கு மேல், முதுமையில் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பிரஷராலும் சர்க்கரையாலும் மெல்ல மெல்லக் கெடும்போது, வாதம் வருவதற்கு முன்பே உற்சாகம் வற்றிப்போகலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் அலெக்ஸோபௌலோஸ் குழுவினர் 1997-ல் எழுதினார்கள். இந்த வகையில் அழுகையைவிட மந்தமும் விலகலும்தான் அதிகம் தெரியும், அதனால் வீட்டில் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். உங்கள் கணவருக்கு அப்படித்தான் நடந்தது என்று கடிதத்தை வைத்து நான் சொல்லிவிட முடியாது. கண்ணும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம், அதைப் பார்த்தீர்களா? ஆனால் இந்தக் கதை வாதம் வந்த காலையில் தொடங்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது அந்தச் சிரிப்பு.

அழுவதற்கும் சிரிப்பதற்கும் மூளையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பக்கவாதம் சிலருக்கு அதைக் கெடுத்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் உணர்ச்சிக்கும் முகத்தில் வருவதற்கும் தொடர்பே இருக்காது. ஏதாவது ஒன்று மனதைத் தொட்டதும் அழுகையோ சிரிப்போ குபுக்கென்று கிளம்பும், ஒரு நிமிஷம் போல ஆட்டி வைத்துவிட்டு நின்றுவிடும், நிறுத்த நினைத்தாலும் முடியாது. சோப்பு விளம்பரத்துக்குத் தேம்பியதும் சாவுச் செய்திக்குத் தோள் குலுங்கியதும் ஒரே கோளாறு. இது மனச்சோர்வு இல்லை, தனியாக வருவது, மருந்தால் பெருமளவு அடங்கக்கூடியது. அடுத்த முறை வந்தால் திட்டவும் வேண்டாம், "ஏன் அழறீங்க" என்று கேட்கவும் வேண்டாம். வேறு ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள், நின்றுவிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அம்மா, உங்கள் அண்ணன் இறந்த அன்று அவர் முழுக்கச் சாப்பிடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனக்குக் கடை வைத்துக் கொடுத்த மைத்துனர் போய்விட்டார். தன் முகம் சிரித்துவிட்டது, மனைவி அதைப் பார்த்துவிட்டாள், அது நான் இல்லை என்று சொல்ல வாயில் வார்த்தை இல்லை. அவரால் செய்ய முடிந்தது பட்டினி கிடப்பது ஒன்றுதான். அதை அவருடைய துக்கமாக நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. மனநல மருத்துவர் பார்த்து மனச்சோர்வு என்று முடிவு செய்தால் மாத்திரை தருவார். இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் மாற்றம் தெரிய. "பத்து நாள் கொடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதில் சில மாத்திரைகள் ரத்தத்தில் உப்பைக் குறைக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவும் கொஞ்சம் கூடலாம். அதனால் இப்போது கொடுக்கும் எல்லா மருந்துச் சீட்டையும் கொண்டு போங்கள். இதே மாத்திரை கை கால் வரவும் உதவும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிட்டனில் பக்கவாதம் வந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு இந்த வகை மாத்திரை ஒன்றையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. நடமாட்டத்தில் வித்தியாசம் இல்லை. மனச்சோர்வு புதிதாக வருவது குறைந்தது, எலும்பு முறிவு சற்று கூடியது. மனச்சோர்வு இருந்தால் மனச்சோர்வுக்காகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். மனசு கொஞ்சம் எழுந்தால் பயிற்சிக்கு அவரே ஒத்துழைப்பார்.

பயிற்சியை மறுபடி தொடங்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் தாங்காது என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், பிரஷர், சர்க்கரை மாத்திரையும் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பேச்சுப் பயிற்சி மாவட்ட அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்று கேளுங்கள். அப்புறம் அந்தப் பையனை ஒரு நாள் வரச் சொல்லி, ஆட்டோவில் இவரை அவன் கடைக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். ஆனால் மருத்துவர் பார்த்து, கொஞ்சம் தேறிய பிறகு. அதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். கட்டை விரல் மேலே போனால் மட்டும் போங்கள். வெட்டுவதற்கு முன் துணியை அவன் இவரிடம் தொட்டுக் காட்டட்டும். "இந்தத் துணிக்கு லைனிங் கொடுக்கணுமா ஐயா?" என்று கேட்டால் பதிலுக்குச் சரி, வேணாம் என்ற இரண்டு வார்த்தை போதும். அது அவரிடம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் கேள்வி. இது வெறுப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவர் இறந்திருக்கிறார், நீங்கள் போய் அழவில்லை, காரியத்தில் உட்காரவில்லை, "அப்பா எப்படி இருக்காரு" என்று கேட்ட பிள்ளைகள் "மாமா போனது உனக்கு எப்படி இருக்கும்மா" என்று கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. வெளியே வராத அந்த அழுகை ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கணவரின் சிரிப்பை மன்னிக்க நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அதில் மன்னிக்க எதுவுமில்லை. ஆனால் அண்ணனுக்காக அழ வேண்டியது பாக்கி இருக்கிறது.

இந்தக் கடிதத்தை உங்கள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அனுப்புங்கள். ஃபோன் விசாரிப்பு இனி போதாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கணவரை மருத்துவர் பார்த்து, சிகிச்சை தொடங்கிய பிறகு, மகன்களில் ஒருவர் நான்கு நாள் விடுப்பு போட்டு வரட்டும். மாத்திரைச் சாவியை அவர் கையில் கொடுத்து, எதற்காகப் பூட்டியிருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, நீங்கள் மதுரைக்குப் போய் அண்ணியோடு இருந்துவிட்டு வாருங்கள். புறப்படுவதற்கு முன் தலைசுற்றலுக்கு உங்கள் பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 62 வயது.